நொடிப்பு

வேலூர் மண்டித் தெருவில் ஒருவர் ‘ஐ.பி. கொடுத்துட்டாராம்’ என்று பேச்சு கிளம்பினால், அவருக்குச் சரக்கைக் கடனாக இறக்கியவர்களுக்கு அன்று சோறு இறங்காது. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். கடனை அடைக்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு. மஞ்சள் கடுதாசி என்பதும் இதுதான். செய்தித்தாளில் ‘திவால்’. இந்த நிலைக்கும் இதையொட்டிய ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் எதை எழுதலாம் என்று பார்ப்போம்.

திவால் தமிழ்ச் சொல் அல்ல. இந்தி, உருதுவின் ‘திவாலா’. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வியாபாரிகள் அதை முழுதாகச் சொல்கிறார்கள். நாம் வாலை நறுக்கிக்கொண்டோம். கடன் அடைக்க முடியாத வணிகர் பட்டப்பகலில் கடை வாசலில் விளக்கேற்றி வைப்பாராம், அந்த விளக்கிலிருந்து பிறந்த சொல் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆங்கிலத்தின் ‘பேங்க்ரப்ட்’டுக்குப் பின்னால் இருப்பது இத்தாலியின் ‘பாங்கா ரோத்தா’, உடைந்த பலகை. காசு மாற்றுகிறவர் உட்கார்ந்து தொழில் செய்யும் பலகை அது.

நம்மிடம் நொடிப்பு இருக்கிறது. காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை நொடித்தல் என்போம். அதிலிருந்துதான் ‘குடும்பம் நொடிச்சுப் போச்சு’. எனக்கு இந்தச் சொல் பிடிக்கக் காரணம், நொடித்தவன் இன்னும் விழுந்துவிடவில்லை. கடனை அடைக்க முடியாத நிலையான இன்சால்வென்சிக்கு நொடிப்பு, நீதிமன்றம் அறிவித்த பிறகான பேங்க்ரப்ட்சிக்குத் திவால் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

சட்டத்திலும் இரண்டு உலகங்கள். வேலூர்க்காரர் தனிநபராக மனு கொடுத்தால் இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான்; அதில் குறைந்தது 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு கொடுக்கலாம்! கம்பெனி என்றால் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டம். அதன் கீழ் 2020 மார்ச் முதல் மனு கொடுக்கக் குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும்.

சரி, பொருளாதாரக் கணக்குக்கு வருவோம். ‘பிசினஸ் ஃபெய்லியர்’, அதாவது நொடித்த தொழில்கள் எத்தனை, ‘நியூ பிசினஸ் ஃபார்மேஷன்’, அதாவது புதிதாகத் தொடங்கியவை எத்தனை என்று பார்த்து நாட்டின் நாடியைப் பிடிப்பார்கள். புதிதாகத் தொழில் இறங்குவோர் பெருகினால் நல்ல காலம் வரப்போகிறது என்பதற்கு முன்குறி. நொடிப்பு பெரும்பாலும் அடி விழுந்த பிறகே கணக்கில் ஏறும். அமெரிக்காவில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் நெடுங்காலம் இந்த நொடிப்புக் கணக்கை எடுத்தது. கடன் கொடுத்தவனுக்கு நட்டம் வைத்துவிட்டுப் போனால்தான் அதில் ‘ஃபெய்லியர்’. எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பூட்டினால் அது வெறும் மூடல். ஆகவே ‘தொழில் தோல்வி’ என்ற நேர்பெயர்ப்பு இங்கே உதவாது. தொழில் நொடிப்பு என்பதே பொருந்தும்.

இந்த வித்தியாசம் வட ஆற்காட்டுக்குப் புதிதல்ல. 1996இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றுக் கழிவு வழக்கில், தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவை மூட வேண்டும் என்றது. அப்படி மூடிய ஆலை நொடித்த ஆலை ஆகாது. ஆர்டர் கையில் இருந்தும் பூட்டு விழுந்திருக்கலாம். அதே சமயம், நிஜமாகவே நொடித்த பலர் மனுவே கொடுப்பதில்லை. மானம் போகும் என்று வீட்டை விற்று அடைப்பார்கள், இல்லையென்றால் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு இன்னொருவர் தோலைக் கூலிக்குப் பதனிடுவார்கள். அப்புறம் மனைவி பெயரில் புது ஜி.எஸ்.டி. எண் வாங்கி, அதே ஷெட்டில் வேறு போர்டு மாட்டுகிறவரும் உண்டு. பழைய கணக்கில் அவர் நொடிக்கவில்லை. புதுக் கணக்கில் ஒரு தொழில் பிறந்திருக்கிறது.

‘ஃபார்மேஷன்’ என்பதைத் ‘தொழில் தொடக்கம்’ என்று எழுதலாம். ஆனால் 2020 ஜூலை 1 முதல் நடக்கும் உத்யம் பதிவை, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவை, அப்படி எழுதுவது தப்பு. குடியாத்தத்தில் அப்பா காலத்திலிருந்து லுங்கி நெய்கிறவரும் வங்கிக் கடனுக்காகப் போன வாரம் பதிந்திருப்பார். அந்த எண்ணிக்கைக்குத் ‘தொழில் பதிவு’ என்று போட்டால் போதும்.