இணைய வகுப்பில் உச்சரிப்பைத் திருத்தும் முன்

மொழியாசிரியர்களுக்குப் பயிற்சி தரும்போது அடிக்கடி காதில் விழும் புகார்: “எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் பையனுக்கு ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒன்றாகத்தான் வருகிறது.” பையன் எந்த மைக்கில் பேசுகிறான் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் புளூடூத் ஹெட்செட்.

பாட்டுக் கேட்கும்போது அதில் ஒலி துல்லியமாகவே இருக்கும். மைக்கை இயக்கியதும் பல ஹெட்செட்டுகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பழைய வகைகளில் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலான கூர்மையான ஒலி எதுவும் வராது. ‘ஸைன்’, ‘ஃபைன்’ இரண்டையும் பிரித்துக்காட்டும் சீறல் ஒலியோ பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். பெயரை எழுத்துக்கூட்டும்போது எஸ்ஸா, எஃப்பா என்று நாம் குழம்பியது அதனால்தான். ‘ழ’, ‘ள’ வேறுபாடு அவ்வளவாக அடிபடாது. அது பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடும். ஆகவே ‘ழ’ தடுமாறினால் தாராளமாகத் திருத்துங்கள். ‘ஸ’ தடுமாறினால் கம்பியுள்ள இயர்போனை மாட்டச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள்.

இரைச்சல் நீக்கும் வசதியும் இப்படித்தான். மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துச் சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய மூச்சொலியையும் துடைத்துவிடும். ஜூமில் குரலை இப்படி வடிகட்டாமல் அனுப்ப ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு அமைப்பு உண்டு. இசைக்காரர்களுக்காக வைத்தது; உச்சரிப்பு வகுப்புக்கும் அதுவே நல்லது. அறை மட்டும் அமைதியாக இருக்க வேண்டும்.

அடுத்தது தாமதம். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட்தான் ஆகும். இணையத்தில் குரல் ஒரு பக்கம் போய்ச் சேரவே 150 மில்லிசெகண்டைத் தாண்டிவிடுவதுண்டு. பதில் திரும்பி வர இன்னொரு அவ்வளவு. அந்த இடைவெளியில் பொறுமை இழந்து ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுகிறார்! மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். சேர்ந்து சொல்ல வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எல்லோரையும் மியூட்டில் போட்டு அவரவர் வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு ஒருவரை மட்டும் கேளுங்கள்.

வீடியோவில் உதடு தெரியும், நாக்கு தெரியாது. ‘ப’வுக்கும் ‘வ’வுக்கும் முகம் வேண்டும், ‘ண’வுக்குப் படம் வரைந்து காட்டுவதே மேல். சிக்னல் திணறினால் தயங்காமல் கேமராவை அணைத்துக் குரலைக் காப்பாற்றுங்கள்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் நேரலையில் கேட்டதை நம்ப வேண்டாம். மாணவர் தம் போனிலேயே பதிவு செய்து கோப்பாக அனுப்பட்டும். சிறுவர்கள் என்றால் முதலில் பெற்றோரிடம் கேளுங்கள், மதிப்பிட்டதும் அழித்துவிடுங்கள்.