திவாலா, நொடிப்பா? எண்ணெய்க் கம்பெனிக்கு எந்தச் சொல்?

‘திவால்’ இந்தியின் ‘திவாலா’விலிருந்து வந்தது. கடை முறிந்த வணிகர் பட்டப்பகலில் விளக்கேற்றி வைப்பாராம். அந்தத் ‘தியா’ (விளக்கு)தான் மூலம் என்று வடக்கே ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நம் ஊரில் ‘ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன்) கொடுத்துட்டான்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்’ என்பார்கள். நமக்கென்றே உள்ள சொல் நொடிப்பு. நன்றாக வாழ்ந்த குடும்பம் கடனில் விழுந்தால் ‘நொடிச்சுப் போச்சு’ என்கிறோமே, அதுதான்.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கெடுவுக்குள் கடனைக் கட்ட வழியில்லாத நிலை நொடிப்பு. அதன்பின் நீதிமன்றம் சட்டப்படி அறிவிப்பது திவால். இந்தியாவின் 2016 நொடிப்பு, திவால் சட்டத்திலும் கம்பெனிகளுக்கு நொடிப்புத் தீர்வு, தனிநபருக்கும் கூட்டு வணிகத்துக்கும்தான் திவால்.

அமெரிக்காவில் ஷேல் என்ற களிப்பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளைப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஷேல் கிணற்றில் முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் சரியும். ஆகவே புதுக் கிணறு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கடன். ஈடு, நிலத்தடியில் இருக்கும் எண்ணெய். வங்கி அதை வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மறுமதிப்பீடு செய்யும். 50 கோடி டாலர் எடுத்திருக்கிறீர்கள், விலை சரிந்ததால் கடன் வரம்பு 35 கோடியாகிறது என்று வையுங்கள். மீதி 15 கோடியைச் சில மாதத் தவணைகளில் கட்டியாக வேண்டும், அதுவும் வருமானம் சுருங்கிய அதே நேரத்தில்.

முன்கூட்டியே விலையைப் பூட்டிவைத்த ஒப்பந்தங்கள் கொஞ்ச காலம் தாங்கும். அவை முடிந்ததும்தான் அடி தெரியும். அதனால் நொடிப்பு விலைக்குப் பின்தங்கியே வருகிறது: 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 பிப்ரவரியில் 26 டாலரைத் தொட்டது, லின் எனர்ஜி, சாண்ட்ரிட்ஜ் என்ற எண்ணெய்க் கம்பெனிகள் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு கொடுத்தது 2016 மே மாதத்தில்.

கையில் காசில்லாதவர்தான் மனு கொடுப்பார் என்பதும் தவறு. வடக்கு டகோட்டாவில் எண்ணெய் எடுத்துவந்த வைட்டிங் பெட்ரோலியம் 2020 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் போனபோது அதனிடம் 58 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது. அன்றைக்குக் கெடு முடிந்த பத்திரக் கடன் சுமார் 26 கோடிதான். கட்டியிருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் பெரிய கடன்கள் வரிசையில் நின்றன. ரொக்கத்தைக் கரைத்துவிட்டால் பேரம் பேசவே வலு இருந்திருக்காது.

அவர்கள் நாடியது அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயம்; கம்பெனியை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்க வழிதருவது. கிணறுகள் ஓடின. சுமார் 220 கோடி டாலர் பத்திரக் கடன் பங்காக மாறியது. பங்குகளில் கடன் கொடுத்தவர்களுக்கு 97 சதவீதம், பழைய பங்குதாரர்களுக்கு 3. செப்டம்பரில் கம்பெனி வெளியே வந்துவிட்டது. இதைப் போய் ‘திவாலாகி மூடப்பட்டது’ என்று எழுதுவது பெரும் பிழை. ‘நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது’ என்பதே சரி. சொத்தை விற்றுக் கணக்கை முடிப்பது 7-ஆம் அத்தியாயம். அதற்குக் ‘கலைப்பு’ என்ற சொல் இருக்கிறது.