ஹால்டே: தமிழில் என்ன சொல்வது?

ஜெர்மனியின் ரூர் பகுதியில் வடபாதி தட்டையான நிலம். அங்கே திடீரென ஒரு குன்று எழுந்து நின்றால், பெரும்பாலும் அது மனிதர் கொட்டியது. நிலக்கரியோடு மேலே வந்த வெறும் பாறையைப் பிரித்து, பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் குவித்ததால் உண்டானது. அதன் பெயர் ஹால்டே.

பழைய ஜெர்மனில் 'ஹால்டா' என்றால் மலைச்சரிவு. தயவைக் குறிக்கும் 'ஹுல்ட்' என்ற சொல்லும் அதே வேர்தான். மனம் ஒருவர் பக்கம் சாய்வது. நாமும் 'அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்' என்கிறோமே, அப்படி. கொட்டும் பாறைக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர் இன்னும் அழகு: 'பெர்கே', அதாவது மலைகள்.

சரி, தமிழில்? 'சரிவு' என்றே வைக்கலாம்தான். ஆனால் நம் சொல் சரிந்து விழுவதையும் குறிக்கும். 1966இல் வேல்ஸின் அபெர்ஃபான் கிராமத்தில் இப்படியொரு குவியல் நீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். அந்தச் சொல்லைக் குன்றின் பெயராக்க எனக்கு மனம் வரவில்லை.

'கழிவுக் குவியல்' என்று மொழிபெயர்ப்பதும் சரியில்லை. எஸன் நகரின் ஷூரன்பாக் ஹால்டே உச்சியில் 1998இல் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா ஒரே ஒரு எஃகுப் பலகையை நட்டார். 14 மீட்டருக்கு மேல் உயரம், 67 டன் எடை. சுற்றிலும் செடிகொடி இல்லை, கரிய கல் மட்டும். பார்த்தால் நேராக நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் சற்றே சாய்ந்திருக்கிறது. ஹால்டேயின் வேர்ப்பொருளே அங்கு நிற்கிறது! பாட்ராப் நகரில் 1995 முதல் நான்கு முக்கோணப் பக்கங்கள் கொண்ட ஓர் எஃகு நான்முகி ஹால்டேமேல் நிற்கிறது, படியேறிப் பார்க்கலாம். அதே ஊரின் ஹானியேல் ஹால்டேயில் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் அகுஸ்தீன் இபர்ரோலா பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு வண்ணம் பூசி வரிசையாக நட்டிருக்கிறார். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர் ஹானியேல் 2018 டிசம்பரில் மூடியதும் இந்த ஊரில்தான். இவற்றையெல்லாம் தாங்கும் மண்ணைக் கழிவு என்று எப்படிச் சொல்வது?

என் தேர்வு 'சுரங்கமேடு'. அரிக்கமேடு, நத்தமேடு என்னும்போதே, உள்ளே மனிதர் வாழ்ந்த தடம் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. மேடு என்ற சொல்லுக்கு அந்த நினைவு ஏற்கெனவே இருக்கிறது. செர்ராவின் பலகையை 'சுரங்கமேட்டுச் சிற்பம்' என்று எழுதினால் போதும்.