ஓயாவின் கரை எங்கே தொடங்குகிறது? விதி எழுதும் முன் ஒதுக்க வேண்டிய பணம்

இலங்கை மலைநாட்டில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையை (ஓயா என்பதும் இதைத்தான்) அளக்க ஒருமுறை போயிருந்தேன். பெப்ரவரி மாதம். ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். உதவியாளர் நாடாவின் ஒரு முனையைத் தண்ணீரோரத்தில் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையோடு மேலே ஏறினேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்க இருந்து அளக்குறீங்க?"

"ஆத்தங்கரையில இருந்துதாம்மா."

"அது கரை இல்ல தம்பி. கரை இந்தா இருக்கு" என்று லயத்தின் கடைசிக் காம்பராவின் (அறையின்) படியைக் காட்டினார். இரண்டாவது படியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. ஆனி மாத மழையில் தண்ணீர் ஏறி நின்ற இடம். அந்தப் படியில் இருந்து தண்ணீரோரம் வரை அளந்து பார்த்தோம். 11 மீட்டர் இருந்தது.

உள்ளூராட்சி மன்றங்களுக்குத் திட்டமிடல் வேலை செய்துகொடுப்பது என் தொழில். நீரோடை, நீர்த்தேக்கக் கரைகளுக்கான விதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று சபைகள் கூப்பிடும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "கட்டடம் கரையில் இருந்து தள்ளி நிற்க எத்தனை மீட்டர் போடலாம்?" என்பதுதான். எங்கிருந்து அளப்பது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் காசு வேண்டும். அந்தக் காசைத்தான் யாரும் பாதீட்டில் போடுவதில்லை.

கடலோரத்துக்கு 1981 இன் 57 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனித் திணைக்களமும் இருக்கிறது. மலைநாட்டுக் கரைகளுக்கு அப்படி ஒரே சட்டமோ ஒரே அலுவலகமோ கிடையாது. ஓடையோரமாகக் கட்டாமல் விட்டுவைக்கும் நிலப்பட்டை, அதாவது ஓடை ஒதுக்கம், நாம் பேச்சில் ரிசர்வ் என்கிறோமே, அது 1947 இன் அரச காணிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சரிவுகளின் மண்ணைக் காக்க 1951 இன் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொத்மலைக் கரை என்றால் மகாவலி அதிகார சபை. காசல்ரீ, மவுசாக்கலை என்றால் அரச நீர்மின் நிறுவனம். பெரிய திட்டங்களுக்கு, அகலம் 25 மீட்டரைத் தாண்டும் பொது நீரோடையின் கரையில் இருந்து 60 மீட்டருக்குள் வந்தால் சுற்றாடல் அனுமதி தேவை என்று 1993 வர்த்தமானி சொல்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதி என்றால் கட்டட அனுமதிக்கு அதன் ஒழுங்குவிதிகள். வெளியே என்றால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்.

இத்தனைக்கும் நடுவில் பிரதேச சபையின் கையில் என்ன மிஞ்சுகிறது? அன்றாடம் மக்கள் வந்து நிற்கிற எல்லாமே. கட்டட வரைபட அனுமதி, வியாபார உரிமம், கான், குப்பை, கழிவுநீர். ஒரு தங்குமிடம் கரையில் எழும்பும்போது முதலில் கோப்பு வந்து விழுவது சபையின் மேசையில். அதனால் சபை தன் பகுதிக்கென்று இயற்றும் துணைச்சட்டம் பழையதாகவோ தெளிவில்லாமலோ இருந்தால் மேலே உள்ள பெரிய சட்டங்கள் எதுவும் அந்த இடத்தில் உதவுவதில்லை.

புதிய சபைகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று பிரிந்தது. நுவரெலியா சபை நுவரெலியா, கொட்டகலை, அகரப்பத்தனை என்று பிரிந்தது. 2018 தேர்தலில் இருந்து அவை தனித்தனிச் சபைகள். அதே ஆண்டில் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவும் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. ஆட்களும் வரைபடங்களும் அதே வேகத்தில் பிரிந்து வரவில்லை. ஒரே தொழில்நுட்ப உத்தியோகத்தர் பாதையையும் பார்க்கிறார், பாலத்தையும் பார்க்கிறார், இடையில் ஆற்றங்கரையையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இப்படியிருக்க, சுலபமான வழி என்று எல்லோரும் எடுப்பது 1952 இன் 6 ஆம் இலக்க நியமத் துணைச்சட்டங்கள் சட்டத்தின் வழி. மாகாணம் தயாரித்து வைத்திருக்கும் மாதிரியைச் சபை ஒரு தீர்மானத்தில் ஏற்றுக்கொள்ளலாம். அதில் தவறில்லை, வியாபார உரிமத்துக்கும் சந்தைக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் கரைக்கு அது பொருந்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். சமதரையில் 10 மீட்டர் தள்ளிக் கட்டினால் வீடு ஓரளவு பாதுகாப்பாக இருக்கும். 40 பாகைச் சரிவில் 10 மீட்டர் தள்ளினால் வீடு ஆற்றுக்கு நேர் மேலே நிற்கும். சரிவின் அடி அரிக்கப்பட்டால் மொத்தமாக வந்துவிடும்.

வரைபடம் இருக்கிறதே என்பார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் அருமையானவை, எந்தத் திட்டத்தையும் அவற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அவை 1:10,000 அளவில் உள்ளவை. அந்த அளவில் தரையில் 10 மீட்டர் என்பது தாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வீடு நிற்கிறது என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்ய முடியாது. நடந்துதான் போக வேண்டும்.

அப்புறம், முன்பு எடுத்த நில அளவை இன்றும் செல்லுமா என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் வெள்ளமும் மண்சரிவும் ஒன்றாக வந்தன. சரிந்த மண் ஓடையை அடைத்தால் தண்ணீர் தனக்கு வேறு பாதை பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடங்களில் பழைய நில அளவைக் குறிப்பை வைத்து விதி எழுதினால், இப்போது ஓடையே இல்லாத இடத்துக்கு ரிசர்வ் போட்டுவிட்டு, ஓடுகிற இடத்தை விட்டுவிடுவோம்.

இந்த விஷயத்தில் வெளியில் இருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலம் 1971 இல் கரையோர முகாமைத்துவச் சட்டம் கொண்டுவந்தது. கடலுக்கு மட்டும் அல்ல, ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் சேர்த்து. கரையில் இருந்து 200 அடி வரை அந்தச் சட்டம் பேசுகிறது. ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் தன் கரைத் திட்டத்தைத் தானே எழுத வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும். எனக்கு அதில் பிடித்தது, கட்டாயம் விதித்த மாநிலமே அந்தப் புதுப்பிப்பு வேலைக்கு உள்ளூராட்சிகளுக்கு மானியமும் கொடுக்கிறது என்பதுதான். இன்று கரைக்கு இருக்கும் இயற்கைத் தன்மை மொத்தத்தில் குறைந்துவிடக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. குறைந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் இன்று என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அதனால் கணக்கெடுப்பு முதலில், விதி பிறகு.

நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரு சபையின் பாதீட்டை எனக்குக் காட்டினார்கள். 'துணைச்சட்டம் தயாரித்தல்' என்று ஒரு வரி. தட்டச்சு, மொழிபெயர்ப்பு, வர்த்தமானிக் கட்டணம், அவ்வளவுதான். களவேலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கணக்குப் பார்க்கும் தங்கச்சியிடம் கேட்டேன். "சேர், போன வருஷ ஃபைல்ல அப்படித்தான் இருந்திச்சு" என்றார். அவர் மேல் பிழை இல்லை. தலைப்பு இல்லாத செலவுக்கு யாரும் பணம் கேட்பதில்லை.

என் அனுபவத்தில் இந்த வேலை ஓராண்டுப் பாதீட்டுக்குள் அடங்காது. மூன்றாண்டாகப் பிரித்துப் போட்டால்தான் சபைக்குத் தாங்கும். முதல் ஆண்டில் அளவையும் கணக்கெடுப்பும். இரண்டாம் ஆண்டில் கலந்துரையாடலும் வரைவும். மூன்றாம் ஆண்டில் அங்கீகாரம், வர்த்தமானி, எல்லைக்கல் நடுதல். எல்லைக்கல்லை மறந்துவிடாதீர்கள். கல் இல்லாத ரிசர்வ் அலுவலகக் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

முதல் ஆண்டுக்குத்தான் அதிகப் பணம் போகும், அதில் மழை வேறு குறுக்கே வரும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. பாதீடு ஜனவரியில் அமுலுக்கு வந்து, அதன்பிறகு விலைமனு கோரி, குழு கூடி, வேலையை ஒப்படைக்க ஏப்ரல் முடிந்துவிடும். ஆட்கள் இறங்கும்போது மழையும் இறங்கும். ஆகவே விலைமனு ஆவணங்களை முந்தைய ஒக்டோபர், நவம்பரிலேயே தயார் செய்து வைத்திருந்து, ஜனவரி நடுவில் களத்துக்குப் போக வேண்டும். வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே வடகீழ் மழைதான் கனமாக விழும், அளவைக்கு ஆண்டின் நடுப்பகுதி நல்லது. எந்தப் பக்கமானாலும் மழைக்காலத்தில் ஒரு சிறிய குழு மறுபடி நடந்து வெள்ளக்குறிகளைக் குறித்து வர வேண்டும். அதற்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? சபையின் சொந்த வருமானம் ஒல்லியானது. லயங்களில் இருந்து மதிப்பீட்டு வரி வருவதில்லை. ஏக்கர் வரி, உரிமக் கட்டணம், மாகாணம் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று ஓட்டுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் பணமாகக் கேட்க வேண்டாம் என்று சொல்வேன். நீர்த்தேக்கத்தின் நிறைநீர் மட்டமும் அதன் காணி எல்லையும் நீர்மின் நிறுவனத்திடமும் மகாவலி அதிகார சபையிடமும் ஏற்கெனவே வரைபடமாக இருக்கின்றன. ஒரு கடிதத்தில் கேட்டுப் பெற வேண்டியவை அவை. தோட்ட முகாமைகளிடம் பழைய தோட்ட வரைபடங்கள் உண்டு, அவற்றில் இன்று மூடிப்போன கான்களும் ஊற்றுகளும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். மொரட்டுவையில் நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்களும் பேராதனையில் புவியியல் படிக்கும் மாணவர்களும் களப்பயிற்சிக்கு இடம் தேடுபவர்கள்தான். தங்குமிடமும் சாப்பாடும் சபை ஏற்றுக்கொண்டால் கணக்கெடுப்பின் பாதி வேலை முடியும். மீதிக்கு மாகாணத்துக்கு ஒதுக்கப்படும் அபிவிருத்திக் கொடையில் முன்மொழிவு வைக்கலாம். ஆனால் அந்தப் பணம் பாதைக்கும் கட்டடத்துக்கும் போய்ப் பழகியது. ஆகவே முன்மொழிவில் 'விதி புதுப்பித்தல்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை கிலோமீட்டர் கரை அளக்கப்படும், எத்தனை கல் நடப்படும் என்று கண்ணால் பார்க்கக்கூடிய கணக்கில் எழுதுங்கள்.

ட்ரோன் வைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உதவும்தான். ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், அணைக்கட்டுப் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மரத்துக்குக் கீழே ஓடுகிற ஓடை ட்ரோனுக்குத் தெரியாது.

இரண்டாம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் மனம் திறந்து சொல்ல வேண்டும். கலந்துரையாடல் என்றால் சபை மண்டபத்தில் வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்து, சிங்கள வரைவை ஒருவர் தமிழில் சுருக்கிச் சொல்வதாக நடக்கிறது. அந்த நேரத்தில் கொழுந்து பறிப்பவர்கள் மலையில் இருக்கிறார்கள். அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு வர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகள் காப்பகத்திலோ) கோவில் மண்டபத்திலோ வையுங்கள். தமிழ் வரைவு கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை மூன்றாம் ஆண்டு வர்த்தமானிக்கு மட்டும் போடாமல் இரண்டாம் ஆண்டுக்கும் போட வேண்டியது இதற்காகத்தான்.

ஏனென்றால் இந்த விதி யார் தலையில் விழும் என்பது கூட்டத்துக்கு வராதவர்களுக்குத்தான் தெரியும். லயங்களை ஓடைப் பக்கம் கட்டியது தொழிலாளர்கள் அல்ல. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992 இல் இருந்து கம்பனிகளின் கையில். அப்படி இருக்க, 'கரையில் இருந்து இத்தனை மீட்டருக்குள் கட்டடம் கூடாது' என்று ஒரே வரியில் எழுதினால், மூன்று தலைமுறையாக இருக்கும் காம்பராவுக்குக் கழிப்பறை கட்ட அனுமதி கிடைக்காது. அதே கரையில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விடுதி கட்டுகிறவர் சட்டத்தரணியோடு வந்து விலக்கு வாங்கிப் போவார். ஏற்கெனவே உள்ள குடியிருப்பு, புதிய வணிகக் கட்டடம், நீரோரம் வரை இறங்கிவந்த மரக்கறிப் பாத்தி, இவை மூன்றுக்கும் மூன்று விதமான பிரிவு வேண்டும். தோட்டத்துத் தனிவீட்டுத் திட்டங்களுக்கு இடம் தெரிவு செய்யும்போதே சபையின் கரை வரைபடத்தைப் பார்க்கச் சொல்லி எழுதவும் வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் சபைத் தீர்மானம், மாகாண உள்ளூராட்சித் திணைக்களம், அங்கீகாரம், வர்த்தமானி என்று போகும். மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்த பிறகு இது ஆளுநர் வழியாகவே நடக்கிறது. தாமதம் வரும். அதை எதிர்பார்த்து ஆறு மாதம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சபைப் பாதீட்டின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக் கடைசியில் அது சபை அலுவலகத்தில் இருக்கும்போது போய்ப் பாருங்கள். 'துணைச்சட்டம்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'கரை அளவை, வெள்ளக்குறி, எல்லைக்கல்' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் எழுத்தில் கேளுங்கள்.

அந்த லயத்துப் படியில் நான் சிவப்பு மையால் ஒரு குறி போட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு போனபோது அந்த அம்மா அதற்கு ஒரு சாண் மேலே கரித்துண்டால் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதி வைத்திருந்தார்.