பெட்டியில் ஜி.பி.எஸ். என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

தருமபுரியில் இயன்முறை மருத்துவராக இருப்பவருக்குக் காவலர் தேர்வு நெருங்குவதை நாளிதழ் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னங்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வரும் இளைஞர்களின் எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடும். சென்ற வாரம் காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், மலிவான கைக்கடிகாரத்தை நம்பிக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களில் இந்தப் பருவத்தில் நான்காமவர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். இவர் தினமும் ஏரிக்கரையில் ஓடுவார். கடிகாரம் 1500 என்று காட்டியதும் நிற்பார். 6 நிமிடம் 20 நொடி என்று அதில் பார்த்து மகிழ்வார். பிறகு ஒரு நாள் நண்பர்களோடு 400 மீட்டர் ஓடுதளத்திற்குப் போய் மூன்றே முக்கால் சுற்று ஓடியபோது 7 நிமிடம் 5 நொடி ஆகியிருக்கிறது. கடிகாரமோ 1680 மீட்டர் என்று காட்டியிருக்கிறது. "மைதானத்தத் தப்பா அளந்துட்டாங்க சார்" என்று என்னிடம் முழு நம்பிக்கையோடு சொன்னார். ஆனாலும் தேர்வு அதே மாதிரி மைதானத்தில்தானே நடக்கும் என்று பயந்து, அன்றாட ஓட்டத்தை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறார். மைதானம் சரியாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் இத்தனை நாளும் 1500 என்று நினைத்து ஓடியது ஏறத்தாழ 1340 மீட்டர்தான்.

அவருடைய போனை வாங்கிக் கடிகாரத்தின் செயலியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாள் ஓட்டத்திற்கும் அடிகள், தூரம், கலோரி எல்லாம் இருந்தன. ஓடிய பாதை மட்டும் எந்த நாளிலும் வரைபடத்தில் கோடாக விழவில்லை. ஓடும்போது போன் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயிடுவேன் சார்" என்றார்.

சிக்கல் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. பெட்டியின் மேல் ஜி.பி.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் கடிகாரத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் கருவி இருக்கிறது என்று நினைப்பது தவறு, தவறு, மீண்டும் சொல்கிறேன், தவறு. விலை குறைந்த கடிகாரங்களில் பல, சட்டைப்பையில் இருக்கும் போனின் ஜி.பி.எஸ்ஸைக் கடன் வாங்கித்தான் பாதையைப் பதிகின்றன. இதற்குக் கனெக்டட் ஜி.பி.எஸ். என்று பெயர். கடிகாரத்திலேயே கருவி இருந்தால் பில்ட்-இன் ஜி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் முதல் வகைக் கடிகாரம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாது. கை ஆடுவதை வைத்து அடிகளை எண்ணி, நீங்கள் கொடுத்த உயரத்திலிருந்து ஓர் அடியின் நீளத்தை ஊகித்து, இரண்டையும் பெருக்கி, தசமப் புள்ளியோடு ஒரு தூரத்தைக் காட்டும். ஆனால் நிதானமாக ஓடும்போது ஓர் அடி நீளம், வேகமெடுக்கும்போது வேறு நீளம், களைத்த பிறகு இன்னொரு நீளம். இதை ஜி.பி.எஸ். அளவு என்று நம்பிப் பயிற்சித் திட்டம் போட்டால் கால்தான் பலியாகும்.

கடைக்காரர் சொல்வதை விட்டுவிடுங்கள், நீங்களே சோதிக்கலாம். போனை அணைத்துவிட்டு, முதல் ஓடுபாதையின் உள்விளிம்பை ஒட்டியே நான்கு சுற்று, அதாவது 1600 மீட்டர், ஓடுங்கள். முதல் பாதையில்தான் ஓட வேண்டும், ஏனென்றால் எட்டாம் பாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீட்டர். இதை மறந்துவிட்டுக் கடிகாரத்தைத் திட்டியவர்களும் உண்டு. பிறகு போனை இணைத்து, வரைபடத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. விழுந்திருந்தால் வெவ்வேறு நாளில் இன்னும் இரண்டு முறை ஓடிப் பாருங்கள். மூன்று முறையும் 1630, 1640 என்று ஒரே பக்கமாகப் பிசகினால் அந்தக் கடிகாரத்தோடு குடும்பம் நடத்தலாம். ஒரு நாள் 1540, மறுநாள் 1690 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளேயே கருவி உள்ள நல்ல கடிகாரமும் மீட்டர் பிசகாமல் அளக்காது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறு இயல்பு. புளியமரங்கள் கவிந்த சாலையிலும் மாந்தோப்பு வழியிலும் பாறைக்குன்றின் அடிவாரத்திலும் அது கூடும். செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் கடிகாரம் இத்தகைய இடங்களில் பரவாயில்லை. குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நம்முடைய நாவிக் என்று பெட்டியில் நீளும் செயற்கைக்கோள் அமைப்புகளின் பட்டியலை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஓடத் தொடங்குவதற்கு முன்பு திறந்த வெளியில் நின்று, சமிக்ஞை கிடைத்துவிட்டது என்று கடிகாரம் காட்டும்வரை பொறுத்திருங்கள். அந்த ஒரு நிமிடம் நிற்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. நொடிக்கு நொடி மாறும் வேகத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டாமல், ஒரு சுற்றின் சராசரியைப் பாருங்கள். '14 நாள் பேட்டரி' என்பது ஜி.பி.எஸ். அணைந்திருக்கும்போதுதான், ஜி.பி.எஸ்ஸோடு எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்குங்கள்.

இதயத் துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டில் பச்சை விளக்கால் துடிப்பை அளக்கும் கருவி, சில வேளைகளில் ரத்த ஓட்டத்தை விட்டுவிட்டு உங்கள் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போதே 170 என்று காட்டினால் உங்கள் அடிகளை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், அதுவும் ஏறத்தாழ அதே எண்ணாக இருக்கலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாதபடி கட்டினால் ஓரளவு சரியாகும்; துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான். நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால், கடிகாரம் இயல்பு என்று காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

அந்த இளைஞரின் முன்னங்கால் எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் எனக்குப் பெரிய கவலையில்லை. அவருக்கோ ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில், துள்ளும் அளவுக்கு வலித்தது. அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம் என்பதால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகக்கூடும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம் என்றும் சொன்னேன். அதுவரை ஓடவே கூடாது என்றதும் முகம் விழுந்துவிட்டது.

தம்பிகளே, தங்கைகளே, இப்படி ஒரே புள்ளியில் வலிக்கும்போது ஐஸ் வைத்துக்கொண்டு மறுநாளும் ஓடாதீர்கள். என்னிடம் வரும்போது கடிகாரத்தையும் போனையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதிலுள்ள தூரம் பொய்யாக இருந்தாலும், எந்த வாரத்தில் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டினீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.