வேலூரில் வாடகை வீடு: வாய்ப்பேச்சு போதாது, பதிவு எண் வேண்டும்

வேலப்பாடியில் குடியிருந்த வீட்டைக் காலி செய்த அன்று, ஓனர் அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு மாத வாடகை குறைந்தது. "வெள்ளையடிக்கப் பிடிச்சிருக்கேன், எல்லா வீட்லயும் இதானே வழக்கம்" என்றார். சுவரில் சாமி படம் மாட்டிய நாலு ஆணி ஓட்டைகளைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆனால் எங்கள் கையில் எழுத்தாக ஒரு காகிதமும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த வழக்கம் சட்டத்தின் பட்டியலுக்கே எதிரானது என்பது பிறகுதான் தெரிந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017இல் இயற்றியது. 22.2.2019 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், கதவுக் கைப்பிடி, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அதனால்தான் எழுத்து முக்கியம்.

இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டால் பதிவே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பேச்சு. இங்கே சொல்வது வேறு: ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்துக்கென்று நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதமானாலும் இது உண்டு. இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. உரிமையாளரோ வாடகைதாரரோ யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பதிவானதும் அந்த வாடகைக்கென்று தனி எண் கிடைக்கும். தகராறு என்று போகும்போது முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான். புதிய வீட்டுக்கு வந்தபோது நானே விண்ணப்பித்தேன். ஓனர் முதலில் தயங்கினார். பாக்கி வைத்தாலோ காலி செய்ய மறுத்தாலோ அவருக்கும் அந்த எண்தான் துணை என்று சொன்னதும் சம்மதித்தார்.

சரி, அட்வான்ஸ் எவ்வளவு? மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொது விதி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு தொகை எழுதினால் அது செல்லும். சி.எம்.சி ஆஸ்பத்திரி பக்கத்திலும் காட்பாடியில் வி.ஐ.டி பல்கலைக்கழகம் பக்கத்திலும் வீட்டுக்கு எப்போதும் ஆள் வரிசையில் நிற்கிறது. அங்கே கேட்டதைக் கொடுத்துவிடத்தான் தோன்றும். கையெழுத்துப் போடும் முன் பேரம் பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

சண்டை வந்தால் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது நம் ஊரில் நடக்கிறது. மே மாத வேலூர் வெயிலில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிக்கவே கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றாலும் ஓனர் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றம் போகலாம். எழுத்தில் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் அப்படித்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாட்ஜுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடும் வீடுகள் தோட்டப்பாளையம், பாபுராவ் தெரு பக்கம் நிறைய. அப்படித் தங்கும் விடுதியாக நடத்தினால் 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் உரிம விதிகள் வந்துவிடும். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் தங்கினால், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்கு இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும். பெண்களுக்கான விடுதி நடத்த, 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரின் உரிமம் வேண்டும். காட்பாடியில் மகளைச் சேர்க்க வரும் பெற்றோர் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம்.

வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவர் எங்கே இருக்கிறார் என்று சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். போகும்போது ஒப்பந்த நகல், பதிவு எண், வாடகை ரசீதுகள், அப்புறம் குடிவந்த அன்று சுவரையும் கரண்ட் மீட்டரையும் எடுத்த போட்டோக்கள், எல்லாம் கையோடு இருக்கட்டும்.