மினி லாரியின் அடிப்பலகை: தகடு போட்டு மூடிவிடாதீர்கள்

போன ஐப்பசியில் ஒரு டாடா 407 எங்கள் பட்டறைக்கு வந்தது. 1998 மாடல். டிரைவர் இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய், தளத்தில் இருந்த ஓர் ஓட்டையைக் காட்டினார். முந்தின நாள் சிமென்ட் மூட்டையோடு நடந்த லோடுமேனின் கால் அதில் இறங்கியிருக்கிறது. மூட்டை 50 கிலோ, அவருடைய எடை ஓர் 60 கிலோ, எல்லாம் ஒரே குதிகாலில். கிழிந்த தகட்டின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பதினோரு தையலாம்.

வண்டிக்காரர் போனில் சொன்னார்: "அந்த எடத்துல மட்டும் ஒரு பேட்ச் வெச்சு வெல்டிங் பண்ணிக் குடுத்துருங்கண்ணா. நாளைக்குக் காலைல உர லோடு இருக்குதுங்க."

"தகட்டைத் தூக்கிப் பார்த்துட்டுப் பேசலாமுங்க" என்றேன்.

நாமக்கல் பக்கம் பாடி கட்டும் வேலையில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். பழைய வண்டியின் தளத்துக்கு நடக்கும் பெரிய கெடுதல் எது என்று கேட்டால், உளுத்த பலகையின் மேல் தகடு போட்டு மூடுவதைத்தான் சொல்வேன். செலவு குறைவு, அரை நாள் வேலை, பார்க்கவும் புதுசாக இருக்கும். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் பலர் செய்வது இதைத்தான். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம். ஆகவே ஒவ்வொரு வருடமும் ஒரு பெயின்ட், ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு தகடு என்று பழகிவிடுகிறது. அந்தத் தகட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த 407இன் தகட்டை வெட்டி நிமிர்த்தியபோது முதலில் வந்தது வாசனை. நெல் ஊறவைத்த அண்டாவைத் திறந்தால் வருமே, அப்படி. மழை நின்று நான்கு நாள் ஆகியும் பலகை சொதசொதவென்று இருந்தது. விரலால் கிள்ளினேன், புட்டு மாதிரி உதிர்ந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் குறுக்கே போகும் இரும்புச் சேனல்களை நாங்கள் கிராஸ் என்போம். அந்த வண்டியில் ஒன்பது கிராஸ். பலகையை வாரி எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினோம். ஐந்து கிராஸ் மணி மாதிரி "டங்" என்றது. மற்ற நாலும் "பொத்" என்றன. நாலாவது கிராஸில் சுத்தியலின் முனை உள்ளேயே போய்விட்டது. மேல்விளிம்பு துருவாகி அடுக்கடுக்காக, அப்பளம் போல உரிந்து வந்தது. இரண்டு டன்னுக்கு மேல் சரக்கைத் தாங்குகிற இரும்பு அது.

மரத்துக்குத் தண்ணீர் படுவது பெரிய விஷயமில்லை. பட்ட தண்ணீர் காய வழியில்லாமல் போவதுதான் விஷயம். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் உளுக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. திறந்த பலகை நனைந்தாலும் வெயிலில் இரண்டு மூன்று நாளில் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். மேலே தகடு இருந்தால், தகடுகள் சேரும் இடம் வழியாகவும் போல்ட் ஓட்டை வழியாகவும் இறங்கிய தண்ணீர் ஆவியாகக்கூட வெளியேற முடியாது. இதோடு உரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். யூரியா காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துவைக்கும். பொட்டாஷில் இருப்பது குளோரைடு, உப்பைப் போலவே இரும்பைத் தின்னும். மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதைதான்.

உங்கள் வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு திருப்புளியும் டார்ச்சும் போதும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மட்டமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள். கேபினை ஒட்டிய முன் மூலைகள், பின்சக்கரத்துக்கு நேர் மேலே, டெயில் டோருக்கு அடியில் பலகை முடியும் இடம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் கீழிருந்து ஏறுகிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பலகையின் வெட்டுமுகம் இருக்கிறதே, அது ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதைப் போலத் தண்ணீரை இழுக்கும். திருப்புளியை அங்கே அழுத்துங்கள். நல்ல மரம் கீறல்தான் காட்டும். கால் அங்குலம் உள்ளே இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது.

சரி, மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. மரமா, தகடா, பிளைவுட்டா? இந்தக் கேள்வி தினமும் வரும். 10 அடிக்கு 6 அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் அங்குல மரப்பலகை போட்டால் ஆறேகால் கன அடி மரம் உட்காரும், எடை உத்தேசமாக 140 கிலோ. மூன்று மில்லி இரும்புத் தகடு 130 கிலோ. அதனால் "தகடு போட்டா வண்டி எடை ஏறிடும்" என்று சொல்வது அப்படியே சரியில்லை. ஆனால் மூன்று மில்லி தகடு கிராஸுக்குக் கிராஸ் நடுவில் தொய்யும். தொய்யாமல் இருக்க ஐந்து மில்லி போட்டால் 220 கிலோவாகிவிடும். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடை மாறாது. பாடியில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறைய வேண்டிய கிலோ. ஜல்லி, இரும்புத் துண்டு ஏற்றுகிறவர்களுக்குத் தகடுதான் சரி. மூட்டை, காய்கறி, ஆடு மாடு என்றால் நான் மரத்தைத்தான் சொல்வேன். மரத்தில் மூட்டை வழுக்காது, மாட்டின் குளம்பும் வழுக்காது.

பழைய அளவில் மரத்துக்கு மரம் மாற்றுவது பழுதுபார்க்கும் வேலை. தளத்தைப் பின்னால் ஓர் அடி நீட்டுவது, சைடை உயர்த்துவது போன்றவை வேறு. வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் மாட்டும். "அப்படியே ஒரு அடி சேத்துப் போட்டுருங்க" என்று கேட்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

மரத்தில் சால் நல்ல பலம். வேங்கையும் பலம்தான், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். அரிசி, மாவு மூட்டை ஏற்றுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கருவேலத்தில் துவர்ப்பு அதிகம், முலாம் பூசாத இரும்பு போல்ட்டைச் சுற்றிக் கறுத்து அரிக்கும். எந்த மரமானாலும் நடுவில் இருக்கும் கெட்டியான வைரப்பகுதியாக இருக்க வேண்டும். ஓரத்தில் வெளுப்பாக ஓடும் வெள்ளைப்பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். பூச்சியும் பூஞ்சணமும் முதலில் தேடி வருவது அதைத்தான்.

பிளைவுட் போட்டால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகைதான். அந்த முத்திரையைப் போலியாகவும் அடிக்கிறார்கள். அதனால் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கி, பட்டறையில் டீ போடும் அடுப்பில் காலையிலிருந்து மாலை வரை கொதிக்க விடுவோம். அந்தத் தரத்துக்கான சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். மட்டமான பசை என்றால் எங்கள் எட்டு மணி நேரத்திலேயே விரலால் பிரித்துவிடலாம்.

பச்சை மரத்தைப் போடாதீர்கள். 6 அங்குல அகலப் பலகை காயும்போது அகலத்தில் மூன்று நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) வரை சுருங்கும். ஐப்பசியில் இறுக்கமாகப் போட்டது சித்திரையில் நெல் ஒழுகும் அளவுக்கு வாயைத் திறக்கும். காய்ந்த பலகையைக் கோடையில் ஒன்றோடொன்று நெருக்கிப் போட்டால் மழையில் உப்பி, நடுவில் எழும்பி, போல்ட்டையே இழுக்கும். காய்ந்த மரத்தைப் போட்டு, பலகைக்குப் பலகை ஒரு நூல் சந்து விடுங்கள். தானியம் ஏற்றுகிற வண்டி என்றால் பலகையின் ஓரங்களைப் பாதிப் பாதியாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைக்கலாம். சந்தும் இருக்கும், தானியமும் சிந்தாது.

ஆணி வேண்டாம். தட்டைத் தலை போல்ட்டை மரத்துக்குள் ஒரு நூல் புதையும்படி இறக்கி, கீழே அகலமான வாஷரும் லாக் நட்டும் போட வேண்டும். தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மூட்டையும் கிழியும், செருப்பில்லாமல் ஏறும் காலும் கிழியும். அறுத்த ஒவ்வொரு வெட்டுமுகத்துக்கும், துளைத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயின்ட் போக வேண்டும். இதை நம் ஆட்கள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். சேசிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். பாடியை சேசிஸோடு பிடிக்க யு-போல்ட் இருக்கிறது.

கிராஸுக்கும் பலகைக்கும் நடுவில் பழைய ட்யூப் ரப்பரைப் பட்டையாக வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. நானும் பல வருடம் வைத்தேன். நான் போட்ட தளத்தையே பத்து வருடம் கழித்துப் பிரித்தபோது, அந்த ரப்பருக்கு அடியில்தான் தண்ணீர் தேங்கி இரும்பு அரித்திருந்தது. இப்போது இரும்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே தார் பெயின்டை இரண்டு கை கனமாகப் பூசுவதோடு சரி.

பழைய இன்ஜின் ஆயிலைப் பலகையில் ஊற்றித் தேய்க்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மரத்துக்குள் ஆழமாக இறங்குவதில்லை. மாட்டுத்தீவன மூட்டையில் ஏறும், லோடுமேனை வழுக்கிவிடும், தீப்பொறி பட்டால் பற்றும். போரிக் ஆசிடும் போராக்ஸும் கலந்த கரைசலை பலகையின் அடிப்புறத்திலும் வெட்டுமுகங்களிலும் பூசி, காயவிட்டு, மேலே பெயின்ட் அடித்தால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் நல்ல காப்பு. பெயின்ட் அடிக்காமல் விட்டால் மழையில் கரைந்து போய்விடும்.

வெல்டிங் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலகை இருக்கும்போதே கிராஸில் வெல்டிங் வைப்பது ஆபத்து. எங்கள் பட்டறையிலேயே ஒருமுறை மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து ஷட்டரை இறக்கிவிட்டோம். எட்டரை மணிக்கு எதிர்க்கடைக்காரர் புகை வருகிறது என்று போன் செய்தார். பலகைச் சந்தில் விழுந்த பொறி இரண்டரை மணி நேரமாகக் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. நல்ல வேளை, டீசல் டேங்க் அந்தப் பக்கம் இல்லை. அன்றிலிருந்து பலகையைக் கழற்றாமல் வெல்டிங் கிடையாது. பேட்டரி வயரைக் கழற்றிவிடுவோம், இல்லாவிட்டால் புது வண்டிகளில் இன்ஜினின் கம்ப்யூட்டர் போய்விடும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுவோம். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு பக்கெட் தண்ணீரோடு. பழைய பலகையை அறுக்கும் பையன்களுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்பது உறுதியான விஷயம்.

தளம் உடைந்தால் வண்டிக்காரருக்குப் போவது ஒரு நாள் வாடகை. லோடுமேனுக்கு அப்படியில்லை. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர். தையல் பிரிக்கும் வரை வீட்டில் உட்கார்ந்தால் அத்தனை நாளும் கூலி இல்லை. தளம் நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை, ஆனால் அந்தத் தளத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை நடப்பது அவர்தான். எந்தப் பலகை மிதித்தால் இறங்குகிறது என்பது அவருடைய காலுக்குத் தெரியும். வேறு யாரைக் கேட்பதற்கு முன்பும் அவரைக் கேளுங்கள்.

அந்த 407க்கு நாலு கிராஸை மாற்றி, பன்னிரண்டு சால் பலகை போட்டு முடிக்க ஆறு நாள் ஆயிற்று. உர லோடு வேறு வண்டியில் போனது, வண்டிக்காரருக்கு வருத்தம்தான். பலகை அழுந்தி, காய்ந்து, போல்ட் கொஞ்சம் தளரும் என்பதால் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். இவர் வந்தார். கீழே படுத்து ஒவ்வொரு நட்டாக முடுக்கினோம். சில இடங்களில் அரைச் சுற்று, பின்சக்கரத்துக்கு மேலே முக்கால் சுற்று வரை இறங்கியது.